மாதம் 3000 ரூபாய் கொடுக்க நினைக்கிறேன், சேலத்தில் எந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம்? – ஓர் ஆடிட்டரின் பதில்

நீங்கள் கேட்டது இது: சேலத்தில் வேலை பார்க்கிறேன், மாதம் 3000 ரூபாய் தர்மத்துக்கு ஒதுக்க முடியும், உங்களுக்குப் பிடித்த தொண்டு நிறுவனம் எது, ஏன் பிடிக்கும். கூடவே கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், "கொடுக்கிற பணத்தில் பாதி நிர்வாகச் செலவுக்கே போய்விடுகிறதாமே, அப்படி இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று. பெயர்கள் சொல்கிறேன், ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று தோன்றுகிறது. உழைத்துச் சம்பாதித்த காசு, ஏமாந்துவிடக் கூடாது என்ற பயம். அது நியாயமான பயம். நான் சேலத்தில் ஆடிட்டர், அறக்கட்டளைகள், சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் பல வருடமாக என் வேலையில் பெரும்பகுதி. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் பார்க்கிறவனாகச் சொல்கிறேன், அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செலவில் பெரும்பங்கு சம்பளம்தான் இருக்கும். சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட், குழந்தைக்கு ஊட்டிவிட்டு டாய்லெட் கூட்டிப்போகிற ஆயா, காலையில் வீடு வீடாகப் போய்க் கூட்டி வருகிற வேன் டிரைவர். இவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கட்டடம். இதை நான் மட்டும் சொல்லவில்லை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 2020-ல் கொண்டுவந்த திருத்தத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள், ரொம்பக் கெடுபிடியான சட்டம்தான், ஆனால் அதன் விதிகளிலேயே மருத்துவமனையில் டாக்டர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவில் சேராது என்று தெளிவாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் ஓரளவு இடம் இருக்கிறது. கெட்டிக்காரக் கணக்கர் ஒருவர் இருந்தால் அலுவலக வாடகையைக்கூட 'திட்டச் செலவு' என்று காட்டிவிடுவார். "எங்களிடம் நிர்வாகச் செலவே கிடையாது, 100 சதவீதமும் பயனாளிக்கே" என்று நோட்டீஸில் போடுகிறவர்களிடம் நான் கூடுதலாகக் கேள்வி கேட்பேன். யாரோ ஒருவர் ரசீது போட வேண்டும், பேங்குக்குப் போக வேண்டும், கணக்கு எழுத வேண்டும், அந்த ஆளுக்கும் வீடு இருக்கிறது.

இல்லங்களுக்குத் தணிக்கைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது ஆபீஸ் ரூம் சுவரில் தொங்குகிற நாட்காட்டியை. தேதிக் கட்டங்களில் பேனாவால் எழுதியிருப்பார்கள்: பிறந்தநாள் மதியச் சாப்பாடு, திருமண நாள் இரவு டிபன், அப்பா திதி, அமாவாசை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பல வாரத்துக்கு முன்பே நிரம்பியிருக்கும், சில ஞாயிறில் ஒரே வேளைக்கு இரண்டு பெயர். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சொல்லவே வேண்டாம், ஊரெல்லாம் கூழும் அன்னதானமும். செவ்வாய், புதன் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். ஸ்டோர் ரூமைத் திறந்தால் பிஸ்கட் பெட்டிகளும் பழைய துணி மூட்டைகளும் கூரை வரை அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே செலவு லெட்ஜரைப் புரட்டினால் கரண்ட் பில் தாமதக் கட்டணத்தோடு கட்டப்பட்டிருக்கும், வார்டன் சம்பளம் இரண்டு தவணையாகப் போயிருக்கும், செப்டிக் டேங்க் லாரிக்காரருக்குப் பாக்கி நிற்கும். சாப்பாடு போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. பசிக்குச் சோறு போடுவது நம் ஊரில் ஆழமாக ஊறிய பழக்கம், அது இருக்கட்டும். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் கொடுக்கிறோம், ஒரே நாளில் கொடுக்கிறோம், அதனால் மற்ற இடம் காய்கிறது. வார்டன் சம்பளத்துக்கு என்று யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. அந்த அம்மாள் சம்பளம் சரியாக வராமல் வேலையை விட்டுப் போய்விட்டால், இரவில் காய்ச்சல் வந்த பிள்ளையை யார் பார்ப்பது?

அதனால் என் பதிலின் சாரம் இதுதான்: மற்றவர்கள் கொடுக்கத் தயங்குகிற செலவுக்கு, நீங்கள் நேரில் பார்க்க முடிகிற இரண்டு மூன்று இடங்களுக்கு, இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாமல், மாதாமாதம் கொடுங்கள். ஒரு வருடம் தவறாமல் வருகிற 1500 ரூபாயை நம்பி அவர்கள் ஓர் ஆயாவுக்குச் சம்பள உயர்வு தர முடியும். எப்போதோ ஒருமுறை வருகிற 18,000 ரூபாயை நம்பி அதைச் செய்ய முடியாது. தொகை ஒன்றுதான், பலன் வேறு.

பெரிய இடத்துப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். கம்பெனிகள் சட்டம் 135-ம் பிரிவின் கீழ் வருகிற நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். பெரிய தொகைதான், ஆனால் நான் பார்த்த வரை அது வகுப்பறை, கழிப்பறை, ஆர்ஓ மெஷின், ஆம்புலன்ஸ் என்று பெயர்ப்பலகை மாட்டக்கூடிய பொருளுக்கே பெரும்பாலும் போகிறது, ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். வெளிநாட்டுப் பணத்தில் 2020 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. முன்பெல்லாம் பெரிய அமைப்பு ஒன்று நன்கொடை வாங்கி, மலையடிவாரத்தில் இருக்கிற சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அப்படி மாற்றிக் கொடுப்பதையே இப்போது தடை செய்துவிட்டார்கள். தனியாக அனுமதி வாங்க வசதியில்லாத சின்ன அமைப்புகளுக்கு அந்த வழி அடைந்துவிட்டது. அந்த ஓட்டையை உள்ளூர்க்காரர்களின் மாதச் சந்தாவால்தான் அடைக்க முடியும் என்பது என் கருத்து. உங்கள் 3000 ரூபாய் சின்னத் தொகை என்று எழுதியிருந்தீர்கள், சின்ன அமைப்புக்கு அது சின்னத் தொகை கிடையாது.

சரி, நல்ல இடமா என்று எப்படிப் பார்ப்பது? உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு. வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுக்கிறவருக்கு வரிக் கழிவு) பதிவு இருக்கிறதா, அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு பழைய 'நிரந்தர'ப் பதிவெல்லாம் போய், எல்லோரும் மறுபதிவு செய்து குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றாகிவிட்டது. 1990-களில் வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டுக் காட்டினால் அது போதாது. தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்கிற நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் எண் இருக்கிறது என்பதை ஒரு நற்சான்றிதழ் போலச் சிலர் காட்டுவார்கள், அது வெறும் பதிவு எண். குழந்தைகள் இல்லம் என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம். மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு என்றால் 2016 சட்டப்படி பதிவு வேண்டும். பெண்கள், குழந்தைகள் தங்குகிற விடுதி, இல்லங்களுக்குத் தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டமே வந்தது. இந்தப் பதிவு இல்லாத இல்லத்துக்கு, நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், நான் பணம் கொடுக்க மாட்டேன். பதிவு இருந்தால்தான் அதிகாரி வந்து பார்ப்பார், பார்க்கிற கண் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

அடுத்து, போன வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்கச் சட்டப்படி கடமை இருக்கிறதா என்று வாதாட வேண்டாம், கேட்டவுடன் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்களா என்பதே பாதி விடை. கையில் வந்ததும் நான் எங்கே விரல் வைப்பேன் என்று சொல்கிறேன். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, நிறுவனர் வீட்டுக்கே வாடகை போகிறதா, போனால் அந்தத் தெருவில் நடக்கிற வாடகைதானா. டிரஸ்டிக்கோ அவர் சொந்தக்காரருக்கோ கடன் கொடுத்திருக்கிறார்களா. நிறுவனர், டிரஸ்டி, அவர்கள் உறவினர் ஆகியோர் முறையற்ற பலன் அடைந்தால் வரிவிலக்கே பறிபோகும் என்று வருமான வரிச் சட்டத்தின் 13-ம் பிரிவு சொல்கிறது, அவ்வளவு முக்கியமான விஷயம் அது. குடும்பத்தில் ஒருவர் சம்பளம் வாங்குவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முழுநேரமாக உழைக்கிறவர் நியாயமான சம்பளம் எடுத்தால் அது நேர்மைதான், மறைத்தால்தான் சந்தேகம். அப்புறம் வங்கி வைப்புத்தொகை. ஆறேழு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்திருந்தால் விவேகம். பல வருடச் செலவுக்கு எஃப்டி குவித்து வைத்துக்கொண்டு அவசர உதவி கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினால், அவர்களைவிட உங்கள் பணம் தேவைப்படுகிற இடம் வேறு இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் கணக்குச் சொல்லாத விஷயங்கள் உண்டு, இதை என் தொழிலில் இருக்கிறவர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்குச் சரியாக இருக்கிறது என்றால் பணம் எதற்குப் போனது என்று தெரிகிறது, அவ்வளவுதான். அந்த டியூஷன் சென்டரால் பிள்ளைகள் நன்றாக வாசிக்கப் பழகினார்களா, அந்த இல்லத்தில் பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறார்களா, இதெல்லாம் வவுச்சரில் வராது. 'இத்தனை ஆயிரம் பேர் பயனடைந்தனர்' என்று ஆண்டறிக்கையில் வருகிற எண்களையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஆள் மூன்று முகாமுக்கு வந்தால் மூன்று பேர் ஆகிவிடுவார். இங்கே உதவுவது நேரில் போய்ப் பார்ப்பதுதான், அதிலும் எல்லை உண்டு. ஒரு மணி நேரத்தில் எதுவும் முழுதாகத் தெரிந்துவிடாது. நினைத்த நேரத்தில் வெளியாட்களைப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குள் விடாத இல்லமே நல்ல இல்லம், அதனால் சொல்லிவிட்டே போங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைத்து, உங்களோடு போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்களா என்று கவனியுங்கள். பராமரிப்பில் இருக்கிற குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் பிள்ளையின் முகத்தைச் 'சாப்பாட்டுக்கு நன்றி' என்ற எழுத்தோடு ஊர் பார்க்கப் போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சமையல்காரரிடம், வாட்ச்மேனிடம் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். எவ்வளவு வருடமாக வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆட்கள் நிலைத்து நிற்கிற இடம் பெரும்பாலும் நல்ல இடம்.

இனி எனக்குப் பிடித்தவை. முதலில் சிட்லிங்கி. தருமபுரி மாவட்டம், அரூர் தாண்டிப் போக வேண்டும், சேர்வராயன் மலையில் இருக்கிற அதே மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழ்கிற பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற தம்பதி 1993-ல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள், டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்பது அமைப்பின் பெயர். எனக்கு அங்கே பிடித்தது வெளியிலிருந்து ஆட்களை இறக்காமல் அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கியது. பிரசவத்தில் தாயும் சிசுவும் சாவது சாதாரணமாக இருந்த இடத்தில் அது வெகுவாகக் குறைந்ததற்கு இந்தப் பெண்கள் ஊர் ஊராக நடந்ததே முக்கியக் காரணம். வைத்தியத்தோடு நிறுத்தாமல் இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் தையல் வேலை என்று பிழைப்புக்கும் வழி செய்தார்கள், வருமானம் இல்லாமல் உடம்பு தேறாது என்று புரிந்துகொண்டவர்கள்.

இரண்டாவது அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். சென்னையில்தானே இருக்கிறது என்பீர்கள். சேலத்திலிருந்து ராத்திரி ரயிலேறிப் போகிற எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அவர் முயற்சியில் 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். ஏழைக்கு இலவசமாகவோ சலுகையிலோ சிகிச்சை தருகிற இடத்தில் மருந்துச் செலவு ஒருநாளும் நிற்காது, அதனால் கொடுக்கிறேன்.

நல்ல அமைப்பு எல்லாவற்றுக்கும் நம் பணம் தேவை என்றும் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கி, கட்டணம் கொடுக்கிற நோயாளியின் வருமானத்திலேயே இலவச அறுவை சிகிச்சையையும் நடத்தக் கற்றுக்கொண்டது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அங்கே உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி, பார்வை மங்கிய உங்கள் ஊர்ப் பெரியவரை முகாமுக்குக் கூட்டிப்போவது.

மூன்றாவது, உங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போய்ப் பார்க்க முடிகிற ஏதாவது ஒரு சிறப்புப் பள்ளி. அம்மாபேட்டை, குகை, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, எந்தப் பக்கம் இருந்தாலும் விசாரித்தால் ஒன்று தெரியவரும். என் தொழில் காரணமாக இதில் பெயர் சொல்வது முறையில்லை. மேலே சொன்னபடி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேன் டீசலோ ஆயா சம்பளமோ, எதற்குத் தேவையோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுங்கள், சந்தோஷத்தோடு வாங்கிக்கொள்வார்கள்.

ஏற்காடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற சுற்றுலாக்காரர்கள் வழியில் பிள்ளைகளைக் கண்டால் சாக்லெட், பழைய துணி கொடுத்துவிட்டு வருகிறார்கள், அது பிள்ளைகளை வண்டி பின்னால் ஓட வைக்கிறது, வேறு பலன் இல்லை. மலையில் தேவை வேறு. அவசரத்துக்குக் கீழே ஜிஎச்சுக்கு வர ஜீப் வாடகை, கூட இருப்பவருக்கு நாலு நாள் சாப்பாடு, பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் ஆபீசுக்கு அலைகிற செலவு, அலைகிற நாளில் போகிற கூலி. சான்றிதழ் கிடைக்காததால் கல்லூரி இடமும் உதவித்தொகையும் கைநழுவிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைச் செய்து தருகிற உள்ளூர் ஆசிரியரோ அமைப்போ கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சமவெளியில் உங்கள் தெருவின் அரசுப் பள்ளிக்குக் கொடுக்க ஆசை என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற தமிழக அரசுத் திட்டத்தின் வழியாகப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தே கொடுக்கலாம். ஏரி, குளத்தில் ஆர்வம் இருந்தால் கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரியைப் போய்ப் பாருங்கள். 2010 வாக்கில் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் மக்களைச் சேர்த்துக்கொண்டு தூர்வாரி, எடுத்த மண்ணையே ஏரிக்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக்கி மரம் நட்டார்கள், பறவைகள் வந்தன. ஆனால் ஏரி வேலை ஒருமுறை செய்தால் முடிவதில்லை, கொடுப்பதற்கு முன் பராமரிப்பை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

'குழந்தைக்கு ஆபரேஷன், உடனே க்யூஆருக்கு அனுப்புங்கள்' என்று வருகிற செய்திகளில் சில உண்மை, சில பொய், போட்டோவைப் பார்த்துப் பிரிக்க முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, அதற்கு விண்ணப்பித்தார்களா, அதில் அந்த சிகிச்சை வருமா என்று முதலில் கேளுங்கள். பிறகு மருத்துவமனை பில்லிங் கவுன்டருக்கே போன் போட்டு, உள்நோயாளி எண்ணைச் சொல்லி, மருத்துவமனைக் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள். உண்மையான குடும்பம் இதற்கு மறுப்புச் சொல்லாது. அதேபோல 'பெரிய தொகைக்கு ரசீது தருகிறோம், கமிஷன் போக மீதியைப் பணமாகத் திருப்பித் தருகிறோம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம், பிடிபட்டால் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நானாக இருந்தால் 3000-ஐ இப்படிப் பிரிப்பேன்: 1500 பக்கத்துச் சிறப்புப் பள்ளிக்கு, 1000 சிட்லிங்கிக்கு, மீதி 500-ஐச் சேர்த்து வைத்து வருடத்தில் ஒருமுறை அடையாறுக்கு. வேறு மாதிரிப் பிரித்தாலும் தப்பில்லை, ஆனால் பத்து இடத்துக்கு 300 என்று தூவ வேண்டாம், பத்து இடத்தையும் உங்களால் பார்த்துக்கொள்ள முடியாது. பேங்கில் மாதாந்திர உத்தரவு போட்டுவிடுங்கள். வரிச் சலுகையைப் பொறுத்தவரை, நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவு கிடையாது, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பழைய முறை என்றால் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கழிவுக்கு வராது, அரிசி மூட்டையாகவோ துணியாகவோ கொடுத்ததும் வராது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அந்த நிறுவனம் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து 10பிஈ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும், வெறும் ரசீது போதாது, அதனால் கொடுக்கும்போதே பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள், படிவ எண்கள் மாறுகின்றன. நான் இங்கே எல்லோருக்கும் பழகிய பழைய எண்களைத்தான் எழுதியிருக்கிறேன். மனதில் ஏதாவது பள்ளியோ இல்லமோ இருந்து, தணிக்கை அறிக்கையும் கையில் கிடைத்தால், பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் இங்கே போடுங்கள், எதைக் கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.